எங்கள் ஊர் ஃபயர் கம்பெனிக்குப் புது நிலையம்: நம்மவர்கள் கேட்கும் கேள்விகள்

பிலடெல்பியாவுக்கு மேற்கே இருக்கும் எங்கள் டவுன்ஷிப்பில், வாலண்டியர் ஃபயர் கம்பெனிக்குப் புது நிலையம் கட்டப் பணம் திரட்டுகிறோம். நான் தீயணைப்பு வீரர் இல்லை; கட்டட நிதிக் குழுவில் இருக்கிறேன். இந்தியன் கடை வாசலில் மேசை போட்டு உட்காரும் சனிக்கிழமைகளில், கொலுவுக்குப் போகும் வீடுகளில், பிள்ளைகளைத் தமிழ்ப் பள்ளியில் விட்டுவிட்டு வெளியே காத்திருக்கும்போது என்று எங்கே போனாலும் இதே கேள்விகள்தான். கேட்டவர்கள் கேட்ட மாதிரியே எழுதி, எனக்குத் தெரிந்த பதிலைக் கீழே தந்திருக்கிறேன். இங்கே சொல்லும் விதிகள் பென்சில்வேனியாவுக்கு உரியவை. வேறு மாநிலத்தில் இருப்பவர்கள் உங்கள் ஊரில் விசாரித்துக்கொள்ளுங்கள்.

தீயணைப்பு அரசாங்க வேலைதானே அக்கா? இதுக்கு எதுக்கு வீடு வீடா வசூல்?

ஊரில் 101 அடித்தால் அரசாங்கச் சம்பளம் வாங்குபவர்கள் வருவார்கள். அதைப் பார்த்தே வளர்ந்ததால் இந்தக் கேள்வி நம் எல்லாருக்கும் வரும். எனக்கும் வந்தது. இங்கே நிலைமை வேறு. 2020 கணக்குப்படி அமெரிக்காவில் சுமார் 10 லட்சத்து 41 ஆயிரம் தீயணைப்பு வீரர்கள். அவர்களில் 6,76,900 பேர், அதாவது 65 சதவீதம், சம்பளம் வாங்காத வாலண்டியர்கள். பென்சில்வேனியாவில் பத்தில் ஒன்பது கம்பெனிக்கு மேல் வாலண்டியர் கம்பெனிதான். ராத்திரி 2 மணிக்குப் பேஜர் அலறினால் எழுந்து ஓடுபவர் பகலில் பிளம்பராக, ஆசிரியராக, டயர் கடைக்காரராக இருப்பவர்.

‘கம்பெனி’ என்ற பெயரைப் பார்த்து வியாபாரம் என்று நினைக்க வேண்டாம். பெஞ்சமின் ஃபிராங்க்ளின் 1736-இல் பிலடெல்பியாவில் யூனியன் ஃபயர் கம்பெனியைத் தொடங்கினார். ஒருவர் வீட்டில் தீப்பிடித்தால் மற்றவர்கள் தோல் வாளியோடும், சாமான்களை அள்ளிப்போட்டுக் காப்பாற்றத் துணிப்பையோடும் ஓடி வர வேண்டும் என்று அக்கம்பக்கத்தார் போட்டுக்கொண்ட ஒப்பந்தம் அது. அந்த வழிதான் இன்றைக்கும். கட்டடமும் வண்டியும் பெரும்பாலும் கம்பெனிக்கே சொந்தம். டீசல், கூரை ரிப்பேர், வண்டிக் கடன் எல்லாம் அவர்கள் பாடு.

அப்போ நான் கட்டுற பிராப்பர்ட்டி டாக்ஸ் எல்லாம் எங்கே போகுது?

பெரும்பங்கு பள்ளி மாவட்டத்துக்குப் போகிறது. மீதி கவுண்டிக்கும் (மாவட்ட நிர்வாகம்) டவுன்ஷிப்புக்கும் (உள்ளூர் நிர்வாகம்). உங்கள் பில்லை எடுத்து ‘ஃபயர்’ என்று தனி வரி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அது ‘மில்’ கணக்கில் இருக்கும்: 1 மில் என்றால் கவுண்டி மதிப்பிட்ட சொத்து மதிப்பில் ஒவ்வொரு 1,000 டாலருக்கும் 1 டாலர். டவுன்ஷிப் கொடுக்கும் பணம் அன்றாடச் செலவில் கரைந்துவிடுகிறது.

டவுன்ஷிப்பே எல்லாவற்றையும் ஏற்று நடத்தக் கூடாதா என்று அடுத்துக் கேட்பீர்கள். 2008-இல் வந்த மாநிலச் சட்டப்படி ஊருக்குத் தீயணைப்பு வசதி இருப்பதை உறுதிசெய்வது டவுன்ஷிப்பின் பொறுப்புதான். ஆனால் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். வாரத்துக்கு 168 மணி நேரம். ஒரு இருக்கையில் எப்போதும் ஓர் ஆள் இருக்க வேண்டுமென்றால், ஆளுக்கு 42 மணி நேரம் வைத்தாலும் நான்கு பேர் வேண்டும். லீவு, சுகவீனம் சேர்த்தால் இன்னும் கூடும். ஒரு வண்டியில் நான்கு பேர் என்றால் குறைந்தது பதினாறு சம்பளம், அதுவும் ஒரே ஒரு வண்டிக்கு. வாலண்டியர்கள் இந்தச் செலவை நம் தலையில் ஏற்றாமல் வைத்திருக்கிறார்கள். அவர்களுக்கு உருப்படியான ஒரு கட்டடமாவது கட்டிக்கொடுப்பது நம் கடமை என்று நினைக்கிறேன்.

இன்ஷூரன்ஸ் கம்பெனிங்ககிட்ட இருந்து 2 சதவீதம் ஃபயர் கம்பெனிக்கு வருதாமே? அதை வச்சுக் கட்டலாமே?

விவரம் தெரிந்தவர் கேட்கும் கேள்வி. வெளிமாநில இன்ஷூரன்ஸ் நிறுவனங்கள் இங்கே விற்கும் தீ காப்பீட்டுப் பிரீமியத்தில் 2 சதவீத வரி கட்டுகின்றன. அது டவுன்ஷிப் வழியாக வருவது ‘ரிலீஃப் அசோசியேஷன்’ என்ற தனி அமைப்புக்கு. வீரர்களின் பாதுகாப்பு உடை, மூச்சுக் கருவி, அடிபட்டால் காப்பீடு போன்றவற்றுக்கே அதைச் செலவிடலாம். கட்டடம் கட்டத் தொட முடியாது.

இருக்கிற நிலையத்துக்கு என்ன குறைச்சல்? வெளியே பார்த்தா நல்லாத்தானே இருக்கு.

வெளியே செங்கல் நன்றாகத்தான் இருக்கிறது. ஒருநாள் உள்ளே வந்து, வண்டி திரும்பி வரும்போது நில்லுங்கள். டிரைவர் ரிவர்ஸில் மெதுவாக வருவார். ஓர் ஆள் கீழே நின்று கை காட்டுவார். இரண்டு பக்கக் கண்ணாடியையும் மடக்கினால்தான் கதவுச் சட்டத்தில் உரசாது. உள்ளே வந்து நின்றபின் வண்டிக்கும் சுவருக்கும் நடுவே நான் பக்கவாட்டில் திரும்பித்தான் நடந்தேன். அந்த இடுக்கில்தான், சுவரில் வரிசையாக உடைகள் தொங்குகின்றன. பேஜர் அடித்து ஓடி வருபவர் அங்கே நின்றுதான் பூட்ஸில் காலை விட வேண்டும். பக்கத்தில் இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்.

எனக்கு முக்கியமாகப் படுவது அந்தப் புகை. டீசல் புகை புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2012-இல் உறுதியாக வகைப்படுத்தியது. தீயணைப்பு வேலையையே 2022-இல் அதே முதல் பிரிவில் சேர்த்தது. எரியும் வீட்டிலிருந்து வரும் உடையில் கரியும் ரசாயனமும் ஒட்டியிருக்கும். அதைத் துவைக்கத் தனி மெஷின், காய வைக்கத் தனி அறை, குளித்துவிட்டு வீட்டுக்குப் போக வசதி, புகையைக் குழாய் வழியாக வெளியேற்றும் அமைப்பு எல்லாம் வேண்டும். பழைய கட்டடத்தில் இதற்கெல்லாம் இடமே இல்லை. பெண் வீரர்கள் உடை மாற்றவும் தனி அறை கிடையாது.

இன்னொன்று எடை. 1,000 கேலன் தண்ணீர் மட்டுமே 8,340 பவுண்டு, ஏறக்குறைய 3.8 டன். அதற்கு மேல் வண்டி, ஏணி, ஹோஸ், ஆட்கள். அந்தக் காலத்துச் சின்ன வண்டிக்காகப் போட்ட தரை இது. கீழே பேஸ்மென்ட் வேறு.

மொத்தம் எவ்வளவு ஆகும்? எங்கே இருந்தெல்லாம் வரும்?

இப்படி ஒரு கட்டடம் பல மில்லியன் டாலர் விஷயம். நன்கொடையில் மட்டும் கட்டி முடிப்போம் என்று யாரும் சொல்லவில்லை. மாநில அரசு வாலண்டியர் கம்பெனிகளுக்கு 2 சதவீத வட்டியில் கடன் தருகிறது, ஆனால் அதற்கு உச்சவரம்பு உண்டு. சூதாட்ட விடுதிகளின் வருவாயிலிருந்து ஆண்டுதோறும் ஒரு மானியம் வரும். அதைக் கட்டடத்துக்குப் பயன்படுத்தலாம், ஆனால் அது ஆயிரக் கணக்கில்தான் இருக்கும். மக்கள்தொகை 20,000-க்குள் இருக்கும் கிராமப்புற ஊர் என்றால் மத்திய வேளாண் துறை நிலையம் கட்டக் கடனும் மானியமும் தருகிறது.

‘ஃபீமா மானியம் இருக்கே’ என்பார்கள். ஃபீமா என்பது மத்திய அரசின் பேரிடர் உதவி முகமை. அதன் மானியம் கருவிக்கும் பயிற்சிக்கும் உண்டு, இருக்கும் கட்டடத்தில் புகைக் குழாய் பொருத்தவும் கிடைக்கும். புதுக் கட்டடம் கட்டக் கிடைக்காது. 2009-இல் பொருளாதார மீட்புச் சட்டத்தில் நிலையங்கள் கட்டவென்றே 210 மில்லியன் டாலர் ஒதுக்கினார்கள். அது அந்த ஒரு முறைக்கான பணம்.

ஆக மீதி வங்கிக் கடன். நன்கொடை எவ்வளவு சேர்கிறதோ அவ்வளவு கடன் குறையும். கையில் ஒரு பகுதி சேர்ந்திருந்தால்தான் வங்கியும் முகம் கொடுத்துப் பேசும். அதனால்தான் இப்படிப்பட்ட வசூலில் முதல் ஒரு வருடம் பெரிய நன்கொடையாளர்களிடம் மட்டும் சத்தமில்லாமல் பேசுவார்கள். பாதிக்கு மேல் உறுதியான பிறகுதான் ஊருக்குள் பலகை வைப்பார்கள். ‘எங்களிடம் ஏன் முதலிலேயே கேட்கவில்லை’ என்று வருத்தப்பட்டவர்களுக்கு இதுதான் காரணம்.

பணம் கொடுக்கலேன்னா தீப்பிடிச்சா வரமாட்டாங்களா?

வருவார்கள். யார் கொடுத்தார்கள் என்ற பட்டியல் வண்டியில் இருக்காது. 911 அனுப்பிய முகவரி மட்டும்தான் இருக்கும்.

இந்தப் பயம் எங்கிருந்து வந்தது என்று தெரியும். 2010-இல் டென்னசி மாநிலத்தில் ஆண்டுக்கு 75 டாலர் சந்தா கட்டாத ஒருவரின் வீடு எரிந்ததை வீரர்கள் பார்த்துக்கொண்டு நின்ற செய்தி நாடு முழுக்கப் பரவியது. நகர எல்லைக்கு வெளியே இருந்தவர்களிடம் சந்தா வாங்கும் ஏற்பாடு அது. எங்கள் ஊரில் சந்தா என்ற ஒன்றே இல்லை.

நான் 25 டாலர் கொடுத்து என்ன ஆகப் போகுது?

நிறைய ஆகும். வங்கியும் மானியம் தருபவர்களும் ‘எத்தனை வீடுகள் கொடுத்தன’ என்று பார்க்கிறார்கள். ஆயிரம் வீடு 25 டாலர் தருவது, ஒருவர் 25,000 தருவதைவிட எங்களுக்கு வலு. கடன் பல வருடம் ஓடும் என்பதால், ஒரே முறை பெருந்தொகையைவிட மூன்று அல்லது ஐந்து வருட உறுதிமொழி உதவும். மாதம் 10 டாலர் என்றால் ஐந்து வருடத்தில் 600.

புதுக்கோட்டைப் பக்கத்துக்காரர் ஒருவர் ‘இது மொய் விருந்து மாதிரி’ என்றார். சாப்பாடு போட்டு, ஊரே கூடி, ஒருவர் கைக்குத் தொகை சேர்ப்பதில் ஒப்பு உண்டு. திருப்பிச் செய்ய வேண்டிய கணக்கு நோட்டு மட்டும் இங்கே கிடையாது.

டாக்ஸ்ல கழிச்சுக்கலாமா?

கழிக்கலாம். லாப நோக்கற்ற வாலண்டியர் ஃபயர் கம்பெனிக்குத் தரும் நன்கொடைக்கு வரிக் கழிவு உண்டு என்று மத்திய வரித் துறையான ஐ.ஆர்.எஸ். வெளிப்படையாகவே பட்டியலிட்டிருக்கிறது. 250 டாலரும் அதற்கு மேலும் என்றால் எழுத்தில் ரசீது கட்டாயம். காசோலை நகல் போதாது. ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷன் எடுப்பவர்களுக்கு, அதாவது செலவுகளைத் தனித்தனியாகக் காட்டாமல் நிலையான கழிவை எடுப்பவர்களுக்கு, 2022 முதல் 2025 வரை பலன் இல்லாமல் இருந்தது. 2026 வரி ஆண்டிலிருந்து அவர்களும் ரொக்க நன்கொடையில் தனியாள் என்றால் 1,000 டாலர், தம்பதியாகப் போட்டால் 2,000 டாலர் வரை கழிக்கலாம்.

விருந்து டிக்கெட்டில் சாப்பாட்டின் மதிப்பு போக மீதிதான் நன்கொடை. ராஃபிள் சீட்டுக்குக் கழிவே இல்லை. நிலையத்தில் நீங்கள் செய்யும் வேலை நேரத்துக்கும் இல்லை. ஆனால் தொண்டுக்காகக் காரில் போய்வந்த தூரத்துக்கு மைலுக்கு 14 சென்ட் உண்டு.

என் ஆபீஸ்ல மேட்சிங் இருக்கு. போட்டா டபுள் ஆகுமா?

தயவுசெய்து இதை விட்டுவிடாதீர்கள். நம்மவர்களில் பலர் வேலை பார்க்கும் ஐ.டி., மருந்து, வங்கி நிறுவனங்கள் பணியாளர் கொடுப்பதற்கு ஈடாகத் தாங்களும் கொடுக்கின்றன. ஒரு சிக்கல்: பெரும்பாலான நிறுவனங்கள், வரிச் சட்டத்தில் தொண்டு அமைப்புகளுக்கான 501-சி-3 என்ற பிரிவில் இருக்கும் அமைப்புக்கே ஈடு தரும். சில ஃபயர் கம்பெனிகள் 501-சி-4 பிரிவில் இருக்கும். முந்தைய பதிலில் சொன்ன வரிக் கழிவு அப்போதும் கிடைக்கும், மேட்சிங்தான் கிடைக்காமல் போகலாம். உங்கள் ஆபீஸ் தளத்தில் கம்பெனியின் பெயரைத் தேடிப் பாருங்கள், வராவிட்டால் எங்களிடம் கேளுங்கள். ஒரு வருடத்துக்கு மேல் வைத்திருந்து விலை ஏறிய பங்குகளை விற்காமல் அப்படியே தருவதும் நல்ல வழி. 501-சி-3 அமைப்பு என்றால், ஏறிய மதிப்புக்கு வரி கட்டாமல் முழு மதிப்பையும் நன்கொடையாகக் காட்டலாம்.

நாங்க சுத்த சைவம். சிக்கன் பார்பெக்யூவுக்கு வந்து என்ன பண்றது?

வந்து பாருங்கள், அதுவே பெரிது. சிமென்ட் கல் அடுக்கி நீளமாகக் கரி அடுப்பு போடுவார்கள். பாதிப் பாதியாக வெட்டிய கோழிகளை இரண்டு கம்பிச் சட்டங்களுக்கு நடுவே வைத்து, இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர் நின்று, கண்ணால் சைகை காட்டி ஒரே நேரத்தில் புரட்டுவார்கள். வினிகர், எண்ணெய், முட்டை, உப்பு கலந்த கலவையைத் தெளித்துக்கொண்டே இருப்பார்கள். கார்னெல் பல்கலைக்கழகப் பேராசிரியர் ராபர்ட் பேக்கர் 1950-இல் வெளியிட்ட குறிப்பு அது; நியூயார்க் மாநிலத்து ஃபயர் கம்பெனிகளும் சர்ச்சுகளும் அதை வைத்தே எத்தனையோ வண்டி வாங்கியிருக்கின்றன. சாப்பிடாதவர்களுக்குக் காலை பான்கேக் விருந்து இருக்கிறது. அதில் முட்டை இருக்கும், கேட்டுக்கொள்ளுங்கள்.

அப்போ நாமளே இட்லி, தோசை போட்டு வித்துக் கொடுத்தா என்ன?

மிகவும் நல்ல யோசனை, ஆனால் வீட்டில் அவித்துக் கொண்டுவந்து விற்க முடியாது. பொது இடத்தில் சாப்பாடு விற்கத் தற்காலிக உரிமம் வேண்டும். எங்களுக்குக் கவுண்டி சுகாதாரத் துறைதான் தருகிறது. ஃபயர் ஹாலில் சமையலறை இருக்கிறது, அங்கேயே செய்யலாம். உங்களில் பலர் வளைகாப்பும் முதல் பிறந்தநாளும் நடத்திய அதே ஹால்தான். அந்த வாடகையும் கம்பெனிக்கு வருமானம். போன அக்டோபரில் தீத்தடுப்பு வாரத் திறந்த நாளில் எங்கள் பெண்கள் குழு தோசைக் கல் இரண்டு போட்டது. மாவு மதியமே தீர்ந்தது. ஹெல்மெட்டோடு வரிசையில் நின்ற தலைமை அதிகாரி இரண்டாவது தோசைக்குச் சட்னி மட்டும் போதும் என்றார்.

சங்கத்துல ராஃபிள் வச்சு வசூல் பண்ணித் தரலாமா?

ராஃபிளுக்கு ‘ஸ்மால் கேம்ஸ் ஆஃப் சான்ஸ்’ சட்டப்படி கவுண்டி டிரெஷரரிடம் உரிமம் வேண்டும். ஃபயர் கம்பெனியிடம் அது இருக்கும், சங்கத்திடம் அநேகமாக இருக்காது. அவர்கள் பெயரில் நடத்தி, நீங்கள் சீட்டு விற்க உதவுங்கள். ராஃபிள் இல்லாத வசூலிலும் காசோலையை நேரே கம்பெனியின் கட்டட நிதிக்கு எழுதச் சொல்லுங்கள். பணம் சங்கக் கணக்கில் நுழைந்தால் ரசீது யார் தருவது என்ற குழப்பம் வரும்.

ஃபோன்ல ஒருத்தர் ஃபயர்ஃபைட்டர்ஸுக்குன்னு கார்டு நம்பர் கேட்டார். நீங்கதானா?

இல்லை. நாங்கள் போனில் கேட்பதில்லை. தபாலில் கடிதம் வரும், அல்லது முகம் தெரிந்தவர் நேரில் வருவார். கார்டு எண் கேட்டால் வைத்துவிட்டு, நிலையத்துக்கு நீங்களே கூப்பிட்டு விசாரியுங்கள். ஐ.ஆர்.எஸ். தளத்தில் வரிவிலக்குப் பெற்ற அமைப்புகளைப் பெயர் போட்டுத் தேடவும் முடியும்.

கடைசியில கட்டாம விட்டுட்டா பணம் என்ன ஆகும்?

கொடுக்கும் முன்பே இதைக் கேட்பது நியாயம். கட்டடத்துக்கென்று சொல்லி வாங்கிய பணத்தை வேறு செலவுக்கு எடுக்கக் கூடாது. தனிக் கணக்கில் இருக்க வேண்டும். காசோலையின் குறிப்பு வரியில் ‘பில்டிங் ஃபண்ட்’ என்று எழுதுங்கள். கம்பெனி ஐ.ஆர்.எஸ்.-க்கு ஆண்டுக் கணக்கு காட்டும் 990 படிவம் தாக்கல் செய்வதாக இருந்தால் அதைக் கேட்பவருக்குக் காட்ட வேண்டியது சட்டம். கேட்டால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

பக்கத்து ஊர் கம்பெனியோட சேர்ந்துட்டா புது நிலையமே தேவையில்லையே?

கடினமான கேள்வி, குழுவுக்குள்ளும் பல ராத்திரி பேசினோம். 1970-களில் பென்சில்வேனியாவில் சுமார் 3 லட்சம் வாலண்டியர்கள் இருந்தார்கள். 2018-இல் சட்டமன்றக் குழு தந்த அறிக்கை 38,000 என்றது. ஆள் இல்லாமல் இரண்டு கட்டடம் வைத்திருப்பதைவிட ஒன்றாகச் சேர்வது பல ஊர்களில் சரியாக இருந்திருக்கிறது.

ஆனால் தூரத்தைப் பாருங்கள். வாலண்டியர் முதலில் வீட்டிலிருந்து நிலையத்துக்கு வர வேண்டும், பிறகுதான் வண்டி கிளம்பும். நிலையம் தள்ளிப்போனால் இரண்டு பயணமும் நீளும். இன்ஷூரன்ஸ் பக்கமும் உண்டு: ஓர் ஊரின் தீயணைப்பு வசதியை இன்ஷூரன்ஸ் நிறுவனங்களுக்காக மதிப்பிடும் ஐ.எஸ்.ஓ. தரவரிசை 1 முதல் 10 வரை, 1 சிறந்தது. நிலையத்திலிருந்து சாலை வழியே 5 மைலுக்கு மேல் உள்ள வீடு பொதுவாக 10-இல் விழும், பிரீமியம் ஏறலாம். புது நிலையம் கட்டினால் உங்கள் பிரீமியம் குறையும் என்று மட்டும் நான் வாக்குத் தர மாட்டேன். அது உங்கள் நிறுவனத்தைப் பொறுத்தது.

பணம் முடியாது அக்கா, எச்1பி-ல இருக்கேன். வேற என்ன பண்ணலாம்?

நன்கொடைக்கும் விசாவுக்கும் சம்பந்தமில்லை. சம்பளமில்லாத தொண்டில் பொதுவாகச் சிக்கல் வராது. ஆனால் சில கம்பெனிகள் அழைப்புக்கு இவ்வளவு என்று சிறு படி தரும். அதை வாங்கும் முன் குடியேற்ற வழக்கறிஞரிடம் கேளுங்கள். வண்டியில் ஏறத்தான் வேண்டும் என்பதில்லை. கணக்கு எழுத, மானிய விண்ணப்பம் தயாரிக்க, இணையதளம் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாமல் திண்டாடுகிறார்கள். இவையெல்லாம் நம்மவர்களுக்குக் கைவந்த வேலை. 14 வயதான பிள்ளைகள் ஜூனியராகச் சேரலாம், எரியும் கட்டடத்துக்குள் அனுப்ப மாட்டார்கள்.

திறப்பு விழாவுக்கு எங்களையும் கூப்பிடுவீங்களா?

ஊர் முழுக்கக் கூப்பிடுவோம். வண்டியைப் புது நிலையத்துக்குள் கொண்டுபோவதற்கு ஒரு முறை இருக்கிறது. ஹோஸால் தண்ணீர் அடித்து, துண்டால் துடைத்து, பிறகு எல்லாரும் கை வைத்துத் தள்ளி உள்ளே கொண்டுபோவார்கள். குதிரை இழுத்த காலத்தில் திரும்பி வந்ததும் குதிரையை அவிழ்த்துவிட்டு வண்டியைக் கையால்தான் தள்ளினார்கள், அந்த வழக்கம். ஆயுத பூஜைக்குக் கார் கழுவிப் பொட்டு வைப்பவர்களுக்கு இதைப் புரியவைக்க வேண்டியதில்லை. டிரைவர் பிரேக்கை விட்டதும் பின்னால் நின்று தள்ளுங்கள், பிள்ளைகளையும் தள்ள விடுவார்கள். தரை ஈரமாக இருக்கும், வழுக்காத செருப்பு போட்டு வாருங்கள்.